நகரி பஜார் மாடியில இருக்கிற பழைய காயிதக் கடை: '1917 ஃப்ரேம்' வாங்கின கதை

முதல்ல கடைக்கு எப்படி போறதுன்னு சொல்லிடறேன், ஏன்னா நானே உள்ளூர்க்காரன் ரெண்டு தடவை தேடித்தான் கண்டுபுடிச்சேன். திருத்தணில இருந்து வர்றவங்க ரேணிகுண்டா பக்கம் போற பாசஞ்சர்ல ஏறினா பொன்பாடி தாண்டி அந்த நீட்டுப் பேரு ஸ்டேஷன் வரும், வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்ட, போர்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி கிளம்பிடும், அடுத்தது நகரி. பஜார் தெருவுல லுங்கி மொத்தக் கடைங்க எல்லாம் தாண்டினா தறி சாமான் விக்கிற கடை ஒண்ணு இருக்கு, நாடா, பெல்ட்டு, போல்ட்டு எல்லாம் வாசல்லயே தொங்கும், அதுக்கு மேல மாடி. போர்டு கிடையாது. கீழ யார்கிட்டயாச்சும் "நோட்டு தாத்தா கடை"ன்னு கேளுங்க, தமிழ்ல கேட்டா தெலுங்குல பதில் வரும், தெலுங்குல கேட்டா தமிழ்ல வரும், எங்க ஊர் அப்படித்தான்.

சாயங்காலம் 4 மணிக்கு மேலதான் திறப்பாரு. ஞாயித்துக்கிழமை காலைலயும் உண்டுன்னு சொன்னாரு ஆனா நான் போனப்ப பூட்டுதான் இருந்துச்சு.

உள்ள போனா பழைய நோட்டு, காசு, ஸ்டாம்பு, முத்திரைத்தாளு, போஸ்ட்கார்டு, பத்து இருபது வருஷத்துக்கு முந்தின கல்யாணப் பத்திரிகை, யாரோ வீட்டு மொய் நோட்டு கூட ஒரு கட்டு இருக்கு (அதை யார் வாங்குவாங்கன்னு கேட்டேன், "ஆராய்ச்சிக்காரங்க வாங்குறாங்க நைனா"ன்னாரு, நம்பல). தூசி ஜாஸ்தி. ஆஸ்துமா இருக்கறவங்க மாஸ்க் போட்டுட்டு போங்க, சும்மா சொல்லல. ஃபேன் போட்டா காயிதம் பறக்கும்னு ஃபேனும் போட மாட்டாரு.

இப்ப நான் வாங்கினதுக்கு வரேன். தாத்தா ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு ஃப்ரேம் பண்ணி விக்கிறாரு. 1911 இருக்கு, சித்தூர் ஜில்லா உண்டான வருஷம். 1960 இருக்கு, திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய் நாங்க ஆந்திரா பக்கமே நின்னுட்ட வருஷம், அதைப் பத்தி பேச்செடுத்தா எங்க பெரியப்பா இன்னிக்கும் சோத்துத் தட்டை நகர்த்தி வச்சிடுவாரு, அதனால அதை வீட்டுக்கு வாங்கிட்டுப் போற தைரியம் எனக்கில்ல. நான் எடுத்தது 1917. விலை 2,200 சொன்னாரு, பேசி 1,900க்கு முடிஞ்சுது.

ஃப்ரேம்ல மூணு காயிதம். மேல ஒரு ரூபா நோட்டு, இது நகல், பின்னாடி நகல்னு சீல் குத்தி இருக்கு, இதுக்காகவே தாத்தாவுக்கு ஒரு ஸ்டார் கூடக் குடுக்கலாம் ஏன்னா சந்தையில இந்த நோட்டோட நகலை ஒரிஜினல்னு சொல்லி விக்கிறவங்க நிறைய. இந்தியாவுல முதல் ஒரு ரூபா நோட்டு வந்தது 1917 நவம்பர் 30. அதுவரைக்கும் ஒரு ரூபான்னா வெள்ளிக்காசுதான், முதல் உலகச் சண்டையில வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததால காயிதத்துல அடிச்சு விட்டாங்க, ஜனங்க நம்பணுமேன்னு அந்த நோட்டுலயே ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளிக்காசு படத்தையும் போட்டாங்க. 25 நோட்டு சேர்த்து செக்புக்கு மாதிரி புஸ்தகமா வந்திருக்கு. கொஞ்ச நாள்ல 2 ரூபா 8 அணாவுக்கு ஒரு நோட்டு கூட வந்துச்சு, அது தாத்தா கிட்ட இல்ல.

நடுவுல போஸ்ட் ஆபீஸ் கேஷ் சர்டிபிகேட், இது ஒரிஜினல், மடிப்புல கிழிஞ்சு டேப்பு ஒட்டி இருக்கு. இதுவும் 1917ல ஆரம்பிச்சதுதான், கம்மியா கட்டி 5 வருஷம் கழிச்சு முழுத்தொகை வாங்கிக்கலாம். கீழ தமிழ்ல அடிச்ச யுத்தக் கடன் நோட்டீஸ், ஜெராக்ஸ். அதுக்கும் கீழ தாத்தாவே டைப் அடிச்ச அட்டை, தமிழ்ல நாலு வரி தெலுங்குல நாலு வரி. அந்த அட்டைலதான் எனக்கும் அவருக்கும் வம்பு.

அட்டைல என்ன போட்டிருக்குன்னா 'உலகப் போரில் இந்தியா இங்கிலாந்துக்கு 10 கோடி பவுண்டு கடன் கொடுத்தது'. தாத்தா அது கடன் இல்ல தாத்தா, இனாம்னேன். "என்ன நைனா நோட்டீஸ்லயே யுத்தக் கடன்னு கொட்டை எழுத்துல இருக்கு, நீ வந்து எனக்கு சொல்ற"ன்னு கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு பாத்தாரு.

ரெண்டும் நெஜம்தான், அங்கதான் விஷயமே இருக்கு. ஜனங்க கிட்ட சர்க்கார் வாங்கினது கடன். அந்தக் கடனை வச்சு லண்டனுக்கு சர்க்கார் குடுத்தது இனாம். 10 கோடி பவுண்டுன்னா அப்ப பவுண்டுக்கு 15 ரூபா கணக்குல 150 கோடி ரூபா, இந்திய சர்க்காரோட ஒரு வருஷ வருமானம் மொத்தத்தையும் தூக்கிக் குடுக்கற மாதிரி தொகை. கையில அவ்வளவு எங்க இருக்கு? கொஞ்சத்தை இங்க கடன்பத்திரம் வித்து தேத்தினாங்க, மீதிக்கு இங்கிலாந்தோட யுத்தக் கடன்ல அந்த அளவுக்கு வட்டிய நாங்க கட்டறோம்னு தலையில ஏத்திக்கிட்டாங்க. மொய் எழுதறதுக்கு வட்டிக்கு வாங்கறவனை எங்க தெருவுலயே பாத்திருக்கேன், ஒரு தேசமே அப்படி எழுதினது இதுதான்.

அதுலயும் யாரு எழுதினது? வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு சர்க்கார். டெல்லி சட்ட சபையில அப்ப அதிகாரிங்கதான் மெஜாரிட்டி, ஜனங்க தேர்ந்தெடுத்தவங்க கொஞ்சம் பேரு, அவங்களை தேர்ந்தெடுத்தவங்களும் கொஞ்சம் பேரு. கல்யாணத்துல மாப்பிள்ளையோட அண்ணனே பொண்ணு வீட்டு பீரோவத் திறந்து பணத்தை எடுத்து பொண்ணு வீட்டுக்காரங்க பேர்ல மொய் எழுதி மைக்ல படிச்சா எப்படி இருக்கும், அப்படி.

தாத்தா சிரிச்சாரு, ஆனா "அப்ப வாங்கினவனுக்கு லாபம்தானே, இதுல அவனுக்கு என்ன நஷ்டம்"னாரு. நான் டீ சொல்லுங்க தாத்தான்னு உக்காந்துட்டேன். (டீ கீழ இருந்து வரும், 12 ரூபா, நல்லா இருக்கும், இஞ்சி தட்டிப் போடுவாங்க, இதுக்கும் சேர்த்து ரேட்டிங்.)

விஷயம் என்னன்னா வாங்கினவன்தான் மாட்டினான். எங்க வீடு ஏகாம்பரக்குப்பம், நாலு பவர்லூம் ஓடற வீடு, அதுக்கு முன்னாடி எங்க தாத்தாவோட அப்பா காலத்துல கைத்தறி, அதனால துணி வரி கதைன்னா எனக்கு கொஞ்சம் இறங்கிப் படிக்கிற புத்தி. இங்கிலாந்துல இருக்கிற லங்காஷயர் மில்லுத் துணிக்கு உலகத்துலயே பெரிய சந்தை நம்ம நாடு. அங்க இருந்து வர்ற துணிக்கு இங்க 1896ல இருந்து மூணரை சதவீதம்தான் இறக்குமதி வரி, அதுவும் லங்காஷயர்காரன் வயிறெரியக் கூடாதுன்னு பம்பாய் மில்லுத் துணிக்கும் அதே மூணரை சதவீதம் உள்நாட்டு வரி போட்டு சரிக்கட்டி வச்சிருந்தாங்க. அதாவது உங்க ஊர்ல நெய்து உங்க ஊர்ல விக்கிற துணிக்கும் வெளிநாட்டுத் துணிக்கு சமமா அபராதம். 1916ல சண்டைச் செலவுக்காக மத்த சாமான் மேல எல்லாம் பொது வரிய ஏழரைக்கு ஏத்தினப்ப கூட துணிய மட்டும் தொடல, லண்டன் விடல.

அடுத்த வருஷம் 10 கோடி பவுண்டு இனாம் வருது. 1917 மார்ச் 1, பட்ஜெட்ல நிதி பாக்கற வில்லியம் மேயர் எழுந்து இனாமையும் சொல்றாரு, அதே மூச்சுல துணி இறக்குமதி வரி மூணரைல இருந்து ஏழரைன்னும் சொல்றாரு, உள்நாட்டு மில்லு வரி மூணரைலயே நிக்குது. பாருங்க, முதல் தடவையா நாலு சதவீதம் வித்தியாசம் நம்ம பக்கம். லண்டன்ல இந்தியா விவகாரம் பாக்கற மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின், அவரு என்ன பண்ண முடியும், ஒரு கையில இனாமை வாங்கிட்டு இன்னொரு கையால வரிய வேணாம்னு தள்ள முடியுமா? சரின்னுட்டாரு.

லங்காஷயர் கொதிச்சுப் போச்சு. முதலாளியும் தொழிலாளியும் அங்க எப்பவும் எதிரெதிர் கோஷ்டி, இதுல ஒண்ணா சேர்ந்து மந்திரிய பாக்க வந்துட்டாங்க. எங்க பிள்ளைங்க பிரான்ஸ்ல சாகுதுங்க, எங்க வயித்துல அடிச்சு இந்தியாவுக்கு சலுகையான்னு. அதுக்கு மேல இன்னொரு சிக்கல், 1858 சட்டத்துல இருந்தே ஒரு விதி உண்டு, இந்திய வருமானத்தை எல்லைக்கு வெளிய நடக்கற சண்டைக்கு செலவு பண்ணணும்னா பார்லிமென்ட் ரெண்டு சபையும் ஒத்துக்கணும். அதனால இந்த இனாமை சத்தமில்லாம வாங்கிப் பெட்டியில போட வழியில்ல, சபையில தீர்மானம் வச்சு எல்லார் முன்னாடியும் வாங்கணும். மார்ச் 14 விவாதம். லாயிட் ஜார்ஜ் பிரதமரா வந்து நாலு மாசம் கூட முழுசா ஆகல, கூட்டணி சர்க்கார், பாதி லிபரல் கட்சி பழைய பிரதமர் ஆஸ்க்வித் பின்னாடி, சுதந்திர வர்த்தகம், அதாவது இறக்குமதிக்குத் தடுப்பு வரி கூடாதுன்னா உசிரை விடற ஆளுங்க. ஆஸ்க்வித் நெனச்சிருந்தா அன்னிக்கு ஆட்டத்தைக் கலைச்சிருக்கலாம். ஆனா சண்டை முடிஞ்சதும் இந்த வரிய மறுபடி பாத்துக்கலாம்னு ஒரு திருத்தம் கொண்டு வந்து சமாதானம் பண்ணிட்டாரு, சர்க்கார் பிழைச்சுது.

இதைச் சொன்னப்ப தாத்தாவுக்கு உடனே எங்க ஊர் ஜாத்திரை ஞாபகம் வந்துடுச்சு. எனக்கும் அதேதான். சில வருஷம் முன்னாடி ஜாத்திரைக்கு நூல் வியாபாரி ஒருத்தரு, வெளியூர் ஆளு, பெரிய தொகை குடுத்தாரு, கமிட்டி சந்தோஷமா வாங்கிடுச்சு. அவரு ஒண்ணும் கேக்கல, பேனர்ல பேர் போடுங்கன்னாரு, அவ்வளவுதான். பேனர்ல அவர் பேரு மேல, வருஷா வருஷம் கூழு ஊத்தற சாயப்பட்டறைக்காரங்க பேரு கீழ. முடிஞ்சுது. அவரால ஒரு பிரச்சனையும் வரல, பங்காளிங்கதான் ரெண்டா பிரிஞ்சாங்க, அடுத்த வருஷம் கரகம் எந்தத் தெருவுல முதல்ல நிக்கணும்னு போலீஸ் வரைக்கும் போச்சு. கமிட்டித் தலைவரா இருந்தவரு எங்க மாமா, அதோட பொதுக்காரியத்துக்கே முழுக்குப் போட்டுட்டாரு. அவரு இன்னிக்கும் சொல்றது, குடுத்தவனுக்கு பதில் சொல்லிடலாம்டா, கூட இருக்கறவனுக்குத்தான் பதில் சொல்ல முடியலன்னு.

லண்டன்லயும் அதே கணக்குதான். மறுபடி பாத்துக்கலாம்னு சொன்ன வரி திரும்பி கீழ இறங்கவே இல்ல, 1921ல 11 சதவீதமாச்சு, உள்நாட்டு மில்லு வரிய 1925 டிசம்பர்ல நிறுத்தி அடுத்த வருஷம் எடுத்தே விட்டாங்க. நம்ம கைத்தறிக்கு அந்த உள்நாட்டு வரி எப்பவுமே கிடையாது, நூலுக்கு 1896லயே இறக்குமதி வரிய எடுத்துட்டாங்க, அதனால சீமைத் துணிக்கு வரி ஏறினது நெசவாளிக்கு கொஞ்சம் மூச்சு விட இடம் குடுத்திருக்கும்னு நெனைக்கத் தோணும், ஆனா அதே நேரம் அரிசி விலை ஏறின வேகத்துல அந்த மூச்சும் நின்னிருக்கும். 1918 செப்டம்பர்ல மெட்ராஸ்லயும் மாகாணத்துல பல ஊர்லயும் கடைய உடைச்சு அரிசியும் துணியும் எடுத்துட்டுப் போயிருக்காங்க ஜனங்க. இனாம் குடுத்த நாட்டுல.

அப்புறம் பணத்துக்கு மேல பேச்சு. இவ்வளவு ஆளும் பணமும் குடுத்தவனை இனிமே வாயை மூடுன்னு எப்படி சொல்லுவ? 1917 ஆகஸ்ட் 20 புது இந்தியா மந்திரி மாண்டேகு பார்லிமென்ட்ல எழுந்து படிப்படியா பொறுப்பாட்சின்னு அறிவிக்கிறாரு. அதுக்குக் காரணம் இனாம் மட்டும்னு நான் சொல்ல மாட்டேன், நம்மள நாமே ஆளணும்னு கேட்ட ஹோம் ரூல் கிளர்ச்சி, மெசபடோமியாவுல (இன்னிக்கு ஈராக்) சண்டைக்குப் போன இந்தியப் படைக்கு நடந்த கேவலம் எல்லாம் சேர்ந்ததுதான், சேம்பர்லினே அந்த மெசபடோமியா விசாரணை அறிக்கையாலதான் ஜூலைல பதவிய விட்டாரு. ஆனா இனாம் வாங்கின கை கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்துச்சு. ஒன்றரை வருஷத்துல ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலாபாகும் வந்ததுன்னா, தாழ்ந்த கைய மறுபடி ஓங்கினாங்கன்னு வச்சுக்குங்க.

தாத்தா இந்த இடத்துல ஒரு போஸ்ட்கார்டு எடுத்துட்டு வந்தாரு, எச்.எம்.எஸ். மலாயா, போர்க்கப்பல். மலாய் மாநிலங்கள் சேர்ந்து தங்களோட காசுல கட்டி பிரிட்டனுக்கு குடுத்த கப்பல், 1915ல தண்ணில இறங்கி 1916 ஜட்லண்டு கடல் சண்டைல நின்னுச்சு. அந்தக் காசு எப்படி வந்ததுன்னா தகரம், ரப்பர், அபினி. ரப்பர்னாலே நம்மாளுங்க தோட்டத்துல பால் எடுத்த கதைதான், எங்க பக்கத்து கிராமங்கள்ல இருந்தும் கப்பல் ஏறிப் போனவங்க உண்டுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. 1942 பிப்ரவரில ஜப்பான்காரன்கிட்ட சிங்கப்பூர் விழுந்தப்ப அந்தக் கப்பல் அந்தக் கடல்லயே இல்ல. கார்டு 150 ரூபா. வாங்கிட்டேன். அதே மாதிரி மெட்ராஸ் மாகாணம் நிதி சேர்த்து அனுப்பின மெட்ராஸ்ங்கிற ஆஸ்பத்திரிக் கப்பல் பத்தி ஒரு துண்டுக் காயிதம் இருந்துச்சு, முதல் யுத்தம். ரெண்டாவது யுத்தத்துல பிரிட்டிஷ் விமானப்படையோட 264ஆவது ஸ்குவாட்ரனுக்கு மெட்ராஸ் பிரசிடென்சின்னே பேரு. இதெல்லாம் சேர்த்து ஒரு தனி ஃப்ரேம் போடுங்க தாத்தான்னேன், யோசிக்கறேன்னாரு.

இன்னொண்ணு, இந்தக் காசு வாங்கற பழக்கம் லண்டனுக்கு 1917ல வந்ததும் இல்ல. 1765ல கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வங்காள திவானி, அதாவது வரி வசூல் உரிமை கிடைச்ச உடனே சர்க்கார் பங்கு கேட்டு 1767ல இருந்து வருஷம் 4 லட்சம் பவுண்டு வாங்க ஆரம்பிச்சுது. வாங்கிப் பழகிட்டாங்க. 1770 வங்காளத்துல பஞ்சம், 1772ல கம்பெனி நொடிஞ்சு போய் சர்க்கார் கிட்டயே கடனுக்கு நிக்குது, இத்தனை வருஷம் கை நீட்டி வாங்கிட்டு இப்ப போடான்னு சொல்ல முடியல, 14 லட்சம் பவுண்டு கடன் குடுத்து, தேங்கிக் கிடந்த கம்பெனித் தேயிலைய அமெரிக்காவுல தள்ளறதுக்கு 1773ல ஒரு தேயிலைச் சட்டமும் போட்டாங்க, அந்தத் தேயிலையத்தான் டிசம்பர் 16 பாஸ்டன்ல கடல்ல கொட்டினாங்க. ஒரு காலனிக் காசு வாங்கப் போய் இன்னொரு காலனி போச்சு. இதை தாத்தா கிட்ட சொன்னப்ப அவரு டீ கிளாஸை வச்சிட்டு "பாஸ்டன் ஃப்ரேமுக்கு தேயிலைத் தூள் ஒரு சிட்டிகை ஒட்டினா நல்லா இருக்கும்ல"ன்னாரு. வியாபாரி வியாபாரிதான்.

சரி ரிவ்யூவுக்கு வரேன். நல்லது: சரக்கு நெஜம், நகலை நகல்னு சொல்றாரு, கேட்டா பில்லு எழுதித் தர்றாரு (பழைய காலத்து கார்பன் வச்ச பில்லு புக்கு). உக்காந்து பேச விடுவாரு, வாங்கலன்னாலும் மூஞ்சி சுளிக்க மாட்டாரு. ஃப்ரேம் மரம் நல்லா இருக்கு, பின்பக்கம் ப்ளைவுட்டு இல்ல அட்டைதான், மழைக்காலத்துல ஊறும், செவுத்துல ஈரம் இருக்கிற வீடுன்னா மாட்டாதீங்க. ஒரிஜினல் காயிதத்துல செல்லோடேப் ஒட்டறதை மட்டும் நிறுத்தணும், மஞ்சளாகி எழுத்தைத் தின்னுடும், இதை மூணு தடவை சொன்னேன், மூணு தடவையும் "சரேலே நைனா"ன்னாரு, நான் இறங்கறப்ப அடுத்த சர்டிபிகேட்டுக்கு டேப்பு கிழிச்சிட்டு இருந்தாரு. பேக்கிங் சுத்தமா கிடையாது, நியூஸ்பேப்பர் சுத்தி சணல் கட்டித் தருவாரு, நான் ட்ரெயின்ல மடியில வச்சு கொண்டாந்தேன், அப்படியும் ஒரு மூலைல கண்ணாடி விரிசல்.

அட்டைய மாத்தித் தர்றேன்னு போன் நம்பர் வாங்கிக்கிட்டாரு. பத்து நாள்ல கூப்பிட்டாரு, போனேன். தமிழ்ல 'இனாம்'னு மாத்தி இருந்தாரு, தெலுங்குல இன்னும் அப்புன்னே (கடன்னே) இருக்கு. கேட்டதுக்கு, தெலுங்குல படிக்கிற கஸ்டமரு வந்து சண்டை போடட்டும் அப்ப மாத்தறேன்னாரு.

அஞ்சுக்கு நாலு. ஜிபே இருக்கு ஆனா மாடியில சிக்னல் வராது, காசா எடுத்துட்டுப் போங்க, 500 ரூபா நோட்டுக்கு சில்லறை கேட்டா கீழ தறி சாமான் கடைக்கு அனுப்புவாரு.